கண்மாயிலும் கரட்டிலும் உயிரினங்களைக் கணக்கெடுப்பது எப்படி?

மேலூர் பக்கத்துக் கிராமத்துக் கல்லூரி மாணவர்கள் கேட்டது இது: "எங்கள் கண்மாயில் போன பொங்கலுக்கு 1,400 பறவைகள் எண்ணினோம். இந்தப் பொங்கலுக்கு 600தான். பறவை குறைந்துவிட்டது என்று மனு கொடுக்கலாமா? பக்கத்துக் கரட்டில் (சிறு பாறைக் குன்றில்) தேவாங்கும் அலங்கும் (எறும்புத்தின்னி) உண்டு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இரண்டு ராத்திரி தேடியும் கண்ணில் படவில்லை. ஆய்வாளர்கள் இதையெல்லாம் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?"

மனுவைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். 1,400, 600 என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. போன வருஷம் எட்டுப் பேர் காலை ஆறரைக்குப் போய்க் கரை முழுக்க நடந்து எண்ணி, இந்த வருஷம் மூன்று பேர் ஒன்பதரை மணிக்கு மடைப் பக்கம் மட்டும் நின்று எண்ணியிருந்தால், குறைந்தது பறவையா, ஆளா? கண்மாயில் போன வருஷம் முழங்கால் அளவும் இந்த வருஷம் கலுங்கு (உபரி நீர் வழியும் கல்மதகு) தட்டியும் தண்ணீர் நின்றிருந்தால், நாரையும் உள்ளானும் ஆழம் பார்த்துப் பக்கத்துக் கண்மாய்க்குப் போயிருக்கும். அவை சாகவில்லை, இடம் மாறியிருக்கின்றன.

கணக்கெடுப்பில் உள்ள எல்லா முறைகளுக்கும் அடியில் ஒரே ஒரு கணக்குதான் உண்டு. நீங்கள் எண்ணுவது, அங்கே இருப்பதைக் கண்ணில் படும் வாய்ப்பால் பெருக்கினால் வருவது. நூறு முயல் இருக்கிற கரட்டில் பத்தில் மூன்றுதான் கண்ணில் படும் என்றால் உங்கள் நோட்டில் 30 என்று ஏறும். அடுத்த வருஷம் மழை பெய்து புல் வளர்ந்து, பத்தில் ஒன்றுதான் கண்ணில் படுகிறது என்றால் அதே நூறு முயலுக்கு 10 என்று ஏறும். இதைச் சமாளிக்க இரண்டு வழி. ஒன்று, ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே நேரம், அதே ஆள் எண்ணிக்கை, அதே கருவி என்று வைத்து, கண்ணில் படும் வாய்ப்பு மாறாமல் பார்த்துக்கொள்வது. மற்றது, அந்த வாய்ப்பையே அளந்து கணக்கில் சேர்ப்பது. கண்மாய்க்கு முதல் வழி போதும். கரட்டுக்கு இரண்டாவது வழி வேண்டும்.

முதலில் கண்மாய். நம் பக்கத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிவதால் பெரும்பாலான கண்மாய்களின் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும். காலையில் கரையில் ஏறி நின்றால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். அதே கரையில் சாயங்காலம் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான், நீலச்சிறகி எது, புள்ளிமூக்கு வாத்து எது என்றே பிரிக்க முடியாது. ஆகவே பொழுது விடிந்து அரைமணி கழித்துத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியுங்கள். அதற்குப் பிறகு கானல் எழும்பி, தூரத்துப் பறவை எல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி நெளியும்.

8x42 தொலைநோக்கி (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) ஆளுக்கொன்று இருந்தால் நல்லது. முந்நூறு நானூறு மீட்டருக்கு அப்பால் எண்ண, முக்காலியில் வைக்கும் 20–60 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்றாவது இரவல் வாங்குங்கள். கண்மாயைக் கண்ணில் நிலைக்கும் அடையாளங்களால் துண்டுகளாகப் பிரியுங்கள்: தெற்கு மடையிலிருந்து பட்டுப்போன கருவேலம் வரை ஒரு துண்டு, அங்கிருந்து கோயில் மேடு வரை இன்னொன்று. ஒரு துண்டுக்கு இரண்டு பேர். ஒருவர் கண்ணை எடுக்காமல் எண்ணிச் சொல்ல, மற்றவர் எழுதுவார். எண்ணுகிறவரே எழுதவும் செய்தால், குனிந்து நிமிரும் நேரத்தில் கூட்டம் இடம் மாறிவிடும். எழுதப் பென்சில்தான். பனி ஈரத்தில் பேனா மை ஊறிவிடும்.

ஐம்பதுக்குள் இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அதற்கு மேல் போனால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவால் கூட்டம் முழுவதையும் அளந்து போக வேண்டும். ஆயிரத்தைத் தாண்டினால் ஐம்பதால் அளக்கலாம். பழகாதவர்கள் பெரிய கூட்டத்தைப் பெரும்பாலும் குறைத்தே எண்ணுவார்கள். இதற்கு வீட்டிலேயே பயிற்சி எடுக்கலாம். ஒருவர் புளியங்கொட்டையைத் தரையில் அள்ளி வீச, மற்றவர் பத்து விநாடியில் எண்ணிக்கை சொல்லட்டும், பிறகு எண்ணிப் பாருங்கள். முதல் நாள் 300 கொட்டையை 180 என்பீர்கள். ஒரு வாரம் செய்தால் பத்து சதவீதத்துக்குள் வந்துவிடலாம். இதை விளையாட்டு என்று தள்ளாதீர்கள், விலை உயர்ந்த தொலைநோக்கியைவிட இந்தப் பழக்கம்தான் எண்ணிக்கையைத் திருத்தும்.

இரட்டைப் பதிவு வராமல் இருக்க, கரையின் இரு கோடியிலிருந்தும் ஒரே நேரத்தில் தொடங்கி நடுவில் சந்தியுங்கள். கூட்டம் எழும்பிப் பறந்தால், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எந்த இனம், எத்தனை என்று இரு குழுவும் எழுதினால் பிறகு ஒப்பிட்டுக் கழித்துவிடலாம். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ்வாகச் சுற்றினாலே கண்மாய் முழுக்க எழும்பிவிடும். அப்போது எண்ணுவதை நிறுத்திக் கால்மணி பொறுங்கள். நாமக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் ஆகாயத்தாமரைக்குள் புகுந்துகொள்ளும், முக்குளிப்பான் பாதி நேரம் தண்ணீருக்கடியில் இருக்கும். இவற்றை இரண்டு முறை எண்ணி, இரண்டில் அதிகமான எண்ணிக்கையை எடுத்துக்கொள்வது வழக்கம். எப்படிச் செய்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

பறவைகளின் எண்ணிக்கையைவிட முக்கியமான இன்னொரு பத்தி உங்கள் படிவத்தில் வேண்டும்: தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர், எத்தனை தொலைநோக்கி, நடந்த தூரம், வானிலை, நீர்மட்டம். நீர்மட்டத்தை ‘நிறைய’, ‘கொஞ்சம்’ என்று எழுதாதீர்கள். கலுங்குக் கல்லின் மேல்மட்டத்திலிருந்து எத்தனை அடி கீழே தண்ணீர் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். சீமைக்கருவேலம் வெட்டியது, மீன்பாசிக் குத்தகைக்கு விட்டது, வலை போட்டது, மண் அள்ளியது எல்லாம் தேதியோடு ஏற வேண்டும். பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வரும் கண்மாய் என்றால், எந்தத் தேதியில் திறந்தார்கள் என்பதும் வேண்டும். அதே ஊரில் மழையை நம்பிய மானாவாரிக் கண்மாயும் பெரியாற்றுக் கண்மாயும் ஒரே ஜனவரியில் வேறு வேறு நிலையில் இருக்கும்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்திவருகிறார்கள். உங்கள் எண்ணிக்கையை இ-பேர்டில் (பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளம், eBird) ஏற்றினால் இவற்றோடு சேரும். ஏற்றும்போது ‘பார்த்த எல்லாவற்றையும் பதிந்தேனா’ என்ற கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். காக்கை, மைனா, மாடப்புறாவைச் சாதாரணம் என்று விட்டுவிட்டு ‘ஆம்’ என்று போடுவதுதான் அங்கே அதிகம் நடக்கும் தவறு. ஆனால் ஜனவரி ஒன்று மட்டும் போதாது. நவம்பர் முதல் மார்ச் வரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை எண்ணினால்தான் வலசை வாத்து எப்போது வந்தது, எப்போது உச்சம், எப்போது கிளம்பியது என்பது தெரியும். ஒரே நாள் மட்டும் எண்ணினால், அது உச்சத்துக்கு முந்தின வாரமோ பிந்தின வாரமோ ஆகி, பாதிதான் கணக்கில் வரலாம்.

கண்மாய்க்குள் கருவேல மரங்களில் நாரையோ வக்காவோ கூடு கட்டினால் முறை மாறும். அப்போது பறவையை எண்ணாமல், ஆள் உள்ள கூட்டை எண்ண வேண்டும். மரத்துக்கு எண் போட்டு, எத்தனை கூட்டில் பறவை உட்கார்ந்திருக்கிறது, எத்தனையில் குஞ்சு தெரிகிறது என்று கரையில் இருந்தபடியே எழுதுங்கள். மரத்தடிக்குப் போகவே கூடாது. தாய்ப்பறவை எழும்பினால் வெயிலில் முட்டை வெந்துபோகும், காக்கையும் காத்திருக்கும். மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977 முதல் சரணாலயம். அங்கே ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. கூடு எண்ணப் பழக அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது.

இனி கரடு. நடந்து எண்ணுவதற்கு ஆய்வாளர்கள் கோட்டு முறையைப் பயன்படுத்துகிறார்கள். வரைபடத்தில் நேர்கோடுகள் போட்டு, அவற்றில் நடந்து, பார்த்த ஒவ்வொரு விலங்குக்கும் கோட்டிலிருந்து செங்குத்துத் தூரத்தை அளப்பார்கள். கோட்டுக்கு அருகே இருப்பது எல்லாம் கண்ணில் படும், தூரம் கூடக் கூடத் தவறவிடுவது கூடும். அந்தச் சரிவை வைத்தே தவறவிட்டது எவ்வளவு என்று கணக்கிடலாம் என்பதுதான் இதன் சூட்சுமம். விலங்கு 40 மீட்டர் தள்ளி, கோட்டுக்கு 30 டிகிரி கோணத்தில் இருந்தால் செங்குத்துத் தூரம் 20 மீட்டர், அதாவது தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கியது. தூரத்துக்கு லேசர் தூரமானி, கோணத்துக்குத் திசைகாட்டி.

உதாரணத்துக்கு, ஒன்றரைக் கிலோமீட்டர்க் கோடுகள் பத்து போட்டு, ஒவ்வொன்றையும் நான்கு தடவை நடந்தால் 60 கிலோமீட்டர். அதில் 72 முயல் பார்த்து, தூரங்களின் சரிவிலிருந்து பயனுள்ள அகலம் (தவறவிட்டதைக் கழித்து, உண்மையில் எண்ணி முடித்ததற்குச் சமமான அகலம்) ஒரு பக்கத்துக்கு 24 மீட்டர் என்று வந்தால், அடர்த்தி 72 வகுத்தல் (2 × 0.024 × 60). சதுர கிலோமீட்டருக்கு 25. நம்பகமான கணக்குக்கு 60 முதல் 80 பதிவாவது வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். பத்து பதிவை வைத்துக்கொண்டு அடர்த்தி சொல்வது வீண்.

இதில் எங்கே கெடும்? கோட்டைப் போடாமல் இருக்கிற ஆட்டுப்பாதையிலேயே நடப்பது முதல் கேடு. பாதையை ஒட்டி விலங்கு கூடவோ குறையவோ செய்யும், அது கரட்டுக்குப் பொதுவான நிலை அல்ல. இரண்டாவது, கண்ணளவில் தூரம் சொல்வது. எல்லாரும் 10, 20, 50 என்றே சொல்வார்கள், 17 என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, நம் சத்தம் கேட்டு விலங்கு நகர்ந்த பிறகு நின்ற இடத்தை அளப்பது. முதலில் எங்கே இருந்தது என்று தெரிந்த இடத்தைத்தான் அளக்க வேண்டும். பேசிக்கொண்டு போகும் குழு கௌதாரியை மட்டும் எண்ணும், கௌதாரி கத்திக்கொண்டு எழும்புவதால்.

தேவாங்குக்கு வருவோம். கால் கிலோ அளவே எடையுள்ள, வாலில்லாத, ராத்திரியில் பூச்சி பிடிக்கும் உயிர். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் கடவூர் மலைக்காடுகளில் 11,806 ஹெக்டேரை 2022இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதல் தேவாங்குச் சரணாலயம் அது. முள்வேலி மரங்கள், தோட்டத்து ஓரப் புளி, கருவேலம், கிளை கிளையாகத் தொடும் புதர் இவற்றில்தான் அது இருக்கும். மரத்துக்கு மரம் தாவாது, பற்றிப் பற்றித்தான் போகும். ஆகவே கிளை தொடர்பு அறுந்த இடத்தில் தேடிப் பயனில்லை.

தேடுவது கண்ணொளியை வைத்து. அதன் கண்ணுக்குப் பின்னால் உள்ள படலம் வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். அதனால் விளக்கு உங்கள் கண்ணுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். நெற்றி விளக்குத்தான் சரி. இடுப்பு உயரத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தேடினால் ஒளி டார்ச்சுக்குத் திரும்பும், உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இரண்டு ராத்திரி வெறுங்கையோடு திரும்பியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். விளக்கில் சிவப்பு செல்லோஃபேன் ஒட்டுங்கள், விலங்கின் கண் கூசாது. எட்டும் தூரம் குறையும், அதனால்தான் மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற மெதுவான நடை. ஒருவர் இடப் பக்கம், ஒருவர் வலப் பக்கம், தரையிலிருந்து மரத்து உச்சி வரை விளக்கை மெல்ல ஓட்டுங்கள்.

ஆரஞ்சுச் சிவப்பாக இரண்டு கண், முன்னோக்கி, கிளைக்கு நடுவில், மெல்ல வழுக்கி நகர்ந்தால் தேவாங்கு. தரையில் உட்கார்ந்து சிவந்து மின்னி, திடீரென்று பறந்தால் அது பக்கி என்னும் ராத்திரிப் பறவை. தரைப் புல்லில் ஊசிமுனை மாதிரி பச்சையும் வெள்ளையுமாக மின்னுவதெல்லாம் சிலந்தி. பச்சையாக, இடுப்பு உயரத்தில் தெரிந்தால் பெரும்பாலும் ஆடோ பூனையோதான். கண்டால் மரம் எது, எத்தனை அடி உயரம், கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதிவிட்டு நகருங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். கடைசியில் கிலோமீட்டருக்கு எத்தனை என்று சொன்னால் போதும்.

பார்க்கவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு ராத்திரியில் கண்ணில் படும் வாய்ப்பு பத்தில் மூன்று என்று வைத்துக்கொண்டால், இருந்தும் இரண்டு ராத்திரியில் தவறவிடும் வாய்ப்பு 0.7 × 0.7, அதாவது 49 சதவீதம். காசைச் சுண்டிவிட்டுப் பார்த்த மாதிரிதான். ஆறு ராத்திரி போனால் அது 12 சதவீதமாகும், ஒன்பது ராத்திரியில் 4 சதவீதம். இதனால்தான் ஆய்வாளர்கள் பல இடங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து தடவை போய், பார்த்தால் 1, பார்க்காவிட்டால் 0 என்று வரிசையாக எழுதுகிறார்கள். அந்த 1, 0 வரிசையிலிருந்தே கண்ணில் படும் வாய்ப்பையும், உண்மையில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதையும் பிரித்தெடுக்கலாம். வெறுங்கையோடு திரும்பிய நாளை எழுதாமல் விட்டால் இந்தக் கணக்கே போடமுடியாது.

ராத்திரி நடைக்கு முன்னால் அதே வழியைப் பகலில் ஒருமுறை நடந்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, கைவிட்ட கல்குவாரிப் பள்ளம், தோட்டத்து மின்வேலி இவை மூன்றும் இருட்டில் பாம்பைவிட ஆபத்து. பாம்புக்குக் கணுக்கால் மூடிய பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள மண் இது. ஊரிலும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ராத்திரி விளக்கோடு தோட்டத்தோரம் நடமாடினால் ஆடு திருட வந்தவன் என்றுதான் நினைப்பார்கள்.

அலங்கு, முள்ளம்பன்றி, மரநாய், நரி இவற்றுக்குத் தானியங்கிக் கேமரா. இது உடல் சூட்டுக்கும் பின்புலச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் உணரும். சித்திரை வெயிலில் பாறை கொதிக்கும்போது அந்த வித்தியாசம் மங்கிப்போய் நண்பகலில் விலங்கு கடந்தாலும் கேமரா உறங்கும். கோடையில் பகல் விலங்கு குறைவாகப் பதிவானால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். தரையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில், தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, வடக்கோ தெற்கோ பார்த்துக் கட்டுங்கள். கிழக்கு மேற்காக வைத்தால் காலையும் மாலையும் சூரியனையே படம் பிடிக்கும். முன்னால் உள்ள புல்லை அறுத்துவிடுங்கள், காற்றில் ஆடும் சூடான புல் ஒரே நாளில் கார்டை நிரப்பிவிடும். கட்டியபின் தவழ்ந்து குறுக்கே போய்ப் பாருங்கள், விளக்கு எரிகிறதா என்று. பேட்டரி மாற்றும்போது சில கேமராக்களில் தேதி பழையபடி போய்விடும். அதைச் சரிபார்க்காமல் விட்டால் மொத்தப் படமும் நேரமில்லாத படம். மேய்ச்சல் தடத்தில் வைத்தால் பத்தாயிரம் ஆட்டுப் படம் கிடைக்கும். உள்ளே எறும்பு கூடு கட்டாமல் இருக்க ஓரத்தை அடைத்துவிடுங்கள்.

இருபது கேமரா 25 ராத்திரி இருந்தால் 500 கேமரா-இரவு. நூறு கேமரா-இரவுக்கு எத்தனை தனித்தனிப் பதிவு என்று சொல்வார்கள். ஒரே முள்ளம்பன்றி பத்து நிமிஷம் முன்னால் நின்று 30 படம் தந்தால் அது ஒரு பதிவுதான், அரைமணி இடைவெளி விட்டு வந்ததையே அடுத்த பதிவாகக் கொள்வது வழக்கம். இது ஒப்பிட மட்டும் உதவும், எத்தனை முள்ளம்பன்றி என்று சொல்லாது. ஒவ்வொன்றாக அடையாளம் தெரியும் விலங்குக்குத்தான் தலை எண்ணிக்கை. புலிக்கு இரு பக்கமும் வரி வேறு வேறு என்பதால் தடத்தின் இரு பக்கமும் எதிரெதிராகக் கேமரா வைப்பார்கள். 2006இல் இந்திய அளவில் 1,411 என்றும், 2022இல் சராசரியாக 3,682 என்றும் வந்த புலி மதிப்பீடுகள் இந்த வழியை அடிப்படையாகக் கொண்டவை. அதற்கு முந்தைய கால்தட எண்ணிக்கை முறை மேல் இருந்த நம்பிக்கை, ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலியே இல்லாமல் போனது 2005 வாக்கில் தெரியவந்ததோடு போயிற்று. 1,411, 3,682 என்ற அந்த இரண்டு எண்களுக்கு நடுவிலும் கணக்கெடுத்த பரப்பும் கேமராவும் கூடியிருக்கின்றன, அதனால் நேராகக் கழித்துப் பார்க்கும் ஆட்கள் அங்கேயும் தவறுகிறார்கள்.

பட்டாம்பூச்சிக்கு வெயில் ஏறியபின், இரு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர் என்று மனதில் போட்ட ஒரு பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணி நடக்க வேண்டும். தவளைக்கு முதல் மழை ராத்திரியில் குரல் கேட்டு எழுத வேண்டும். இவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. கண்மாய்க் கரையில் நின்று பறவை பார்க்க யாரும் தடுக்கமாட்டார்கள். காப்புக்காட்டுக்குள் நுழையவும் கேமரா கட்டவும் வனத்துறையின் அனுமதி வேண்டும். தேவாங்கும் அலங்கும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை, கையால் தொடுவதே குற்றமாகலாம். அலங்கு வளை, வல்லூறு கூடு இவற்றின் இடத்தை எங்கும் வெளியிடாதீர்கள். போனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், அதை நீக்கிவிட்டே பகிருங்கள். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதற்கு லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, பொனெல்லிக் கழுகு உள்ளிட்ட சுமார் 250 பறவையினங்களின் பதிவு பெரிய துணை. அந்த அறிவிப்பு, 2024இல் ஏலம்விட்டு 2025 ஜனவரியில் ரத்தான, இந்தப் பகுதியின் டங்ஸ்டன் சுரங்கப் பேச்சின்போது எல்லார் வாயிலும் வந்தது. ஆனால் எந்தப் பாறை இடுக்கில் கூடு என்பது எந்த அறிக்கைக்கும் தேவைப்படாது, கிராம எல்லை சொன்னால் போதும்.

உங்கள் 1,400, 600க்குத் திரும்பினால்: போன வருஷத்துப் படிவத்தைத் தேடி எடுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி, எந்தத் துண்டுகள் என்பது எழுதியிருந்தால், இரு வருஷமும் பொதுவாக எண்ணிய துண்டுகளை மட்டும் ஒப்பிடுங்கள். இனம் இனமாகப் பிரியுங்கள். உள்ளானும் நாரையும் மட்டும் குறைந்து, நாமக்கோழியும் நீர்க்காகமும் கூடியிருந்தால் அது ஆழத்தின் கதை. எல்லா இனமும் ஒருசேரக் குறைந்து, பக்கத்து மூன்று கண்மாயிலும் அப்படியே என்றால், அப்போது மனுவுக்குப் பொருள் உண்டு. எழுதியே வைக்கவில்லை என்றால் இந்த ஜனவரியையே முதல் வருஷமாக வைத்துக்கொண்டு, மார்ச் வரை இன்னும் நான்கு தடவை எண்ணுங்கள். மனுவில் ‘குறைந்துவிட்டது’ என்று எழுதாமல், எத்தனை தடவை, எப்படி எண்ணினோம், இவ்வளவு வந்தது என்று எழுதி, படிவங்களின் நகலைப் பின்னால் இணையுங்கள்.